காசு போகிறது, கையெழுத்து போகவில்லை

(நெல்லிக்குப்பத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோட்டீஸில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் என்னை வழியில் மறித்தார். "ஏன் சார், பேசுறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையா? நல்ல நாளும் அதுவுமா ஜெயிலைப் பத்திப் பேசப் போறீங்களே!" என்றார். அவர் முகம் சுளித்த அந்த இடத்தில்தான் என் பேச்சே இருக்கிறது. சிறையில் இருக்கும் ஒருவருக்குப் பணம் அனுப்புவது எப்படி? இதுதான் தலைப்பு. இதை ஏன் மேடை போட்டுப் பேச வேண்டும்? ஏனென்றால் இதை நாம் வேறு எங்குமே பேசுவதில்லை. டீக்கடையில் பேசுவதில்லை, கல்யாண வீட்டில் பேசுவதில்லை, சொந்த அண்ணனிடம்கூடப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதால் எவ்வளவு இழக்கிறோம் என்று கணக்குப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊரிலிருந்து கேப்பர் மலை எவ்வளவு தூரம்? கடலூர் பஸ்ஸில் ஏறிப் போய் வந்துவிடுகிற தூரம். அங்கேதான் மத்திய சிறை இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கிற ஒன்பது மத்திய சிறைகளில் ஒன்று. சர்க்கரை ஆலையை நம்பிப் பிழைக்கிற குடும்பம், கரும்பு வெட்டப் போகிற குடும்பம், நெய்வேலியில் ஒப்பந்தக் கூலி பார்க்கிற குடும்பம், யார் வீட்டில் பிடித்துக்கொண்டு போனாலும் பெரும்பாலும் அந்த மலைக்குத்தான் போகிறார்கள். காலையில் கடலூர் பஸ்ஸில் பாருங்கள். தூக்குப் பையோடு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் "எங்கம்மா போற?" என்று கேட்டால் "ஆஸ்பத்திரிக்கு" என்பார். அவர் போவது மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்க.

நான் தபால் துறையில் இருந்தவன். கவுண்டரில் உட்கார்ந்து மணியார்டர் வாங்கியவன். மணியார்டர் பாரம் ஒருவருடைய வீட்டுக்கதையை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். மகன் அம்மாவுக்கு அனுப்புவது, ராணுவத்தில் இருப்பவர் மனைவிக்கு அனுப்புவது, இதெல்லாம் சத்தமாக வரும். ஆனால் பெறுநர் என்ற இடத்தில் பெயர், கைதி எண், மத்திய சிறை, கடலூர் என்று எழுதியிருக்கிற பாரம் மட்டும் நாலாக மடித்து வரும். வரிசையில் பின்னால் யாராவது வந்துவிட்டால் அந்த அம்மா விலகி நின்று, எல்லோரும் போன பிறகு மறுபடி வருவார். பாரத்தின் அடித்துண்டில் நாலு வரி எழுத இடம் இருக்கும். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது." "வக்கீல் அடுத்த வாரம் என்கிறார்." "சாப்பிடு." அவ்வளவுதான் எழுதுவார்கள். கம்ப்யூட்டர் மணியார்டர் வந்த பிறகு, எண் போட்ட வாசகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தீபாவளி வாழ்த்துக்கு அதில் வாசகம் உண்டு. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்பதற்கு இல்லை.

சரி, அந்தப் பணம் உள்ளே போய் என்ன ஆகிறது? கையில் கொடுக்க மாட்டார்கள். சிறைக்குள் ரொக்கம் வைத்திருப்பது குற்றம். அவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். வந்த பணம் அதில் வரவு ஆகும். சிறைக் கேன்டீனில் சோப்பு, தேங்காய் எண்ணெய், பிஸ்கட், ஊறுகாய் வாங்கினால் பற்று எழுதுவார்கள். இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று வரம்பு உண்டு. வெளியே வருகிற அன்று மிச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் பேரேட்டில் ஏறும் பணம்.

இதைச் சொன்னவுடன் சபையில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. எனக்குக் கேட்கிறது. "உள்ளே போனவனுக்கு அரசாங்கமே சோறு போடுகிறது. அவனுக்கு பிஸ்கட் ஒரு கேடா?"

கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் உள்ளே இருப்பது யார் என்று பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர்! குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லாத மனிதர்கள். தண்டனைக் கைதிக்குச் சிறையில் வேலை உண்டு, கூலி உண்டு. அந்தக் கூலி நியாயமானதாக இருக்க வேண்டும், அதில் ஒரு பங்கை ஒதுக்கிப் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் சொன்னது. விசாரணைக் கைதிக்குப் பெரும்பாலும் அப்படி உழைத்துச் சம்பாதிக்கிற ஏற்பாடு கிடையாது. அவருக்கு ஒரு சோப்பு வாங்க வேண்டுமானாலும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இது சலுகையா? இல்லை. 1894-ஆம் வருஷத்துச் சிறைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். கைதி மேல் இரக்கப்பட்டு எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. அதில் 31-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தண்டனை பெறாத கைதி தன் செலவில் தன்னைப் பராமரித்துக்கொள்ளலாம்; உணவு, துணி, படுக்கை, மற்றத் தேவைகளை வெளியிலிருந்து விலைக்கு வாங்கலாம், வேண்டியவர்களிடமிருந்து பெறலாம், விதிகளுக்கும் சோதனைக்கும் உட்பட்டு. அடுத்த பிரிவு, அப்படி வந்ததை இன்னொரு கைதிக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது என்கிறது. பாருங்கள், வெள்ளைக்காரனே வெட்கப்படாமல் எழுதி வைத்திருக்கிறான். நாம்தான் மணியார்டர் பாரத்தை நாலாக மடிக்கிறோம்.

இந்த மாவட்டத்துக்கே சிறை என்பது புதிதில்லையே! புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட பாரதியாரை 1918 நவம்பர் 20-ஆம் தேதி பிடித்தார்கள். எங்கே வைத்தார்கள்? கடலூர்ச் சிறையில். டிசம்பர் 14 அன்று விடுதலை. இடையில் அவர் யார்? தண்டனை பெறாத கைதி. கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள் 1927-ல் சென்னையில் வெள்ளைக்காரத் தளபதி நீலனின் சிலையை அகற்றும் போராட்டத்துக்குச் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைப்பட்டவர். அவரும் கணவரும் வீட்டையும் நிலத்தையும் போராட்டத்துக்காகவே விற்றார்கள். அந்தம்மாவை இந்த மாவட்டம் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

"சார், அவங்க நாட்டுக்காகப் போனவங்க. எம் பையன் குடிச்சிட்டு அடிதடியில போனவன்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். உண்மை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா, பையன் செய்தது தப்பா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். அவனுக்கு நீங்கள் அனுப்புகிற பணம் தப்பில்லை.

பணத்தை வெளிச்சத்தில் அனுப்புவது எப்படி என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் சொல்கிறேன். வ.உ.சி.யை 1908-ல் தண்டித்தார்கள். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னது இல்லை, கையில் காசில்லை. அவருக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் காசு திரட்டினார்கள். யார் அவர்கள்? கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நிறைந்த சமூகம். கொடுத்தது காந்தியிடம். காந்தி 1915-ல் இந்தியா திரும்புகிறார். கொடுத்தது யார், எவ்வளவு என்ற விவரம் அவர் கையில் சரியாக இல்லை. வ.உ.சி. கடிதம் எழுதுகிறார், காந்தி பதில் எழுதுகிறார். மறுபடி கடிதம், மறுபடி பதில். 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்கிறது. எவ்வளவு? 347 ரூபாய் 12 அணா. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கதைக்கு ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தத் தொகைதான் புத்தகத்தின் பெயரிலேயே இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அந்தப் பன்னிரண்டு அணா. காந்தியும் அணா சுத்தமாகக் கணக்குப் பார்த்தார், வ.உ.சி.யும் பார்த்தார். "எனக்கு வர வேண்டிய பணம் எங்கே?" என்று கேட்க அந்தப் பெரிய மனிதர் கூசவில்லை. ஊரறியக் கொடுத்த பணம் என்பதால்தான் அது எத்தனை தாமதமானாலும் தொலையவில்லை. மூடி மறைத்துக் கொடுத்திருந்தால் யார் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

மூடி மறைத்தால் என்ன ஆகும் என்று இப்போது பார்ப்போம். வெட்கப்படுகிற குடும்பத்தை மோப்பம் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். "உள்ளே எனக்கு ஆள் இருக்கு, எங்கிட்டக் கொடு, அவன் கையிலயே சேர்த்துடுறேன்" என்பார். "இந்த நம்பருக்கு ஜி-பே பண்ணு" என்பார். ஆயிரம் கொடுத்தால் முந்நூறு சேர்ந்தாலும் பெரிது. கேட்க முடியுமா? ரசீது உண்டா? ரசீது இல்லாத பணம் போலீஸிலும் சொல்ல முடியாத பணம். மணியார்டரில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்த ஐந்து ரூபாய்க்கு ரசீதும் அரசாங்க முத்திரையும் கிடைக்கிறது. சிறை அலுவலகத்தில் கேளுங்கள், எந்த வழியில் கட்டலாம் என்று அவர்களே சொல்வார்கள். அந்த வழியில் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். அடுத்த முறை மனு பார்க்கும்போது "இவ்வளவு போட்டேன், கணக்கில் ஏறியதா?" என்று அவரிடமே கேளுங்கள்.

இன்னொரு கூட்டம் போனில் வருகிறது. "உன் பையனைப் பிடித்துவிட்டோம். உடனே பணம் அனுப்பு. யாரிடமும் சொல்லாதே." வீடியோவில் காக்கிச் சட்டைகூடத் தெரியும். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. இந்த மோசடிக்கு முதலீடு என்ன? "யாரிடமும் சொல்லாதே" என்ற ஒரு சொல். நாம் எப்படியும் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். 1930 என்ற எண்ணுக்கு உடனே அடித்துச் சொல்லுங்கள்.

பணக்கார நாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜேபே என்று ஒரு தனியார் கம்பெனி. சிறைக்குப் பணம் அனுப்புவதையே வியாபாரமாக நடத்துகிறது. விடுதலையாகி வெளியே வருகிற கைதியின் சொந்தப் பணத்தை அட்டையில் போட்டுக் கொடுத்து, அதற்கும் கட்டணம் பிடித்தது. 2021-ல் அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 40 லட்சம் டாலரை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் 20 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் வைத்தது.

மறுபக்கம் மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். 2022 மே மாதம் புனே எரவாடா சிறையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். தண்டனைக் கைதிக்கு மாநிலக் கூட்டுறவு வங்கி 50,000 ரூபாய் வரை கடன் கொடுக்கும். எதை நம்பி? அவருடைய சிறைக் கூலியை. எதற்கு? வீட்டுச் செலவுக்கு, வக்கீல் கட்டணத்துக்கு. உள்ளே இருக்கிற மனிதர் இன்னமும் ஒரு குடும்பத் தலைவர்தான் என்று ஒரு வங்கி கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டது. நம் பக்கத்திலும் தண்டனைக் கைதிகள் கூலியைச் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவது உண்டு. சிறையிலிருந்து வருகிற பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்குகிற வீடுகள் இருக்கின்றன.

பெரியோர்களே! இதுவரை சொன்னது சின்னப் பணம். இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஐநூறும் ஆயிரமுமாக ஆறு மாதம் உள்ளே அனுப்புகிறோமே, அந்த மனிதர் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்? ஜாமீன் கிடைக்கவில்லையா? பல பேருக்குக் கிடைத்துவிட்டது! உத்தரவு வந்துவிட்டது! பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் என்று நீதிபதி எழுதிவிட்டார். வீட்டில் என்ன நினைக்கிறார்கள்? "பத்தாயிரம் கட்டணுமாம், எங்க போறது?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வழக்கமான ஜாமீனில் அந்தப் பத்தாயிரத்தை யாரும் கோர்ட்டில் கட்ட வேண்டியதில்லை! ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடினால் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் பத்திரம். அங்கே கேட்பது காசு அல்ல, இரண்டு மனிதர்கள். ஆதார் அட்டையும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு, "எனக்கு இவரைத் தெரியும்" என்று வந்து நிற்க இரண்டே இரண்டு மனிதர்கள்.

அந்த இரண்டு பேர் கிடைக்கிறார்களா? சித்தப்பா வரமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "கோர்ட்டு வாசலை மிதிக்காத குடும்பம் எங்களுது" என்கிறார். அப்புறம் கோர்ட்டுப் பக்கம் வாடகை ஜாமீன்தாரர்களைத் தேடிப் போய்க் காசைக் கொட்டுகிறோம். அது சட்டப்படியும் தப்பு. ஐநூறு ரூபாய் கொடுத்து "பையனுக்கு அனுப்பும்மா" என்று சொல்கிற சொந்தக்காரர்கள் நிறையப் பேர். கையெழுத்துப் போட வருகிறவர் எத்தனை பேர்?

1978-ல் மோதிராம் என்ற வழக்கு. ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். உடன்பிறந்தவர் வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். ஆள் வெளியே வர முடியவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தானும் 1948-ல் சிறைவாசம் பார்த்தவர், அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தார். ஏழையிடம் பணக்காரத் தொகை கேட்கக் கூடாது, வெளி மாவட்டத்தான் என்று ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். வெறும் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதிக்கொண்டு விடுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு சட்டம் சும்மா இருக்கவில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதான ஒருவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால் அவர் வசதியற்றவர் என்றே கருதி, சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும். இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 478-ஆவது பிரிவு. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியது. அதே வருஷம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கலெக்டர் இடம்பெறும் மாவட்டக் குழு பார்த்து, ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை அரசே கட்டும் என்று அறிவித்தது. ஊழல், கறுப்புப் பணப் பரிமாற்றம், போதைப்பொருள், யு.ஏ.பி.ஏ. வழக்குகளுக்குக் கிடையாது.

இத்தனையும் இருக்கிறது. யாருக்குக் கிடைக்கும்? கேட்கிறவருக்கு. பஸ்ஸில் "ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்கிற பெண் யாரிடம் போய் இதைக் கேட்பார்?

கடிந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லோரும் கட்டாயம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அடி வாங்கி, மண்டை உடைந்து, அதே கணவனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பச் சொல்லி மாமியார் வீட்டார் கட்டாயப்படுத்துகிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் அனுப்பாமல் இருக்கலாம். ஜாமீன்தாரராகப் போக மாட்டேன் என்றும் சொல்லலாம். அவர் சொன்னால் அது வெட்கம் இல்லை, முடிவு. மற்றவர்களான நாம் வெட்கத்தை முடிவு என்று பெயர் மாற்றிக்கொள்கிறோம், அதைத்தான் சொல்கிறேன்.

தம்பிகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. உங்கள் தெருவில் யார் வீட்டில் ஆள் உள்ளே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். போய் மூன்று கேள்வி கேளுங்கள். ஜாமீன் மனு போட்டாயிற்றா? உத்தரவு வந்து எத்தனை நாள் ஆயிற்று? ஜாமீன்தாரர் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே 15100-க்கு அடியுங்கள்.

நான் இப்போது சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் இந்த நூலகத்தில்தான் இருப்பேன். ஜாமீன் உத்தரவின் நகல் இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் கைதியின் பெயரும் வழக்கு எண்ணும் போதும். பெரியவர்களில் வீட்டு வரி ரசீது உள்ளவர்கள், தெரிந்த குடும்பத்துக்காக ஜாமீன்தாரராக வரச் சம்மதம் என்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். பொறுப்பு என்ன, ஆள் தவறினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்விகள் இருக்கும். அதோ, ஒரு அம்மா கை தூக்குகிறார்கள். சொல்லுங்கம்மா, உட்கார்ந்தே கேளுங்க.